இருபத்தாறு பொத்தான்கள்

நோக்கியா ஈ63 ஃபோனை 2009இல் நான் வாங்கியது அதன் டார்ச் லைட்டுக்காக என்றால் யாரும் நம்புவதில்லை. கீபோர்டின் அடிவரிசையில் இருக்கும் ஸ்பேஸ் பாரைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முதுகுப்பக்க விளக்கு எரியும். மறுபடி அழுத்திப் பிடித்தால் அணையும். தமிழ்நாடு மின்வெட்டில் புழுங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. இருட்டில் துழாவும் கைக்கு முதலில் அகப்படுவது இருப்பதிலேயே பெரிய பொத்தான்தான் என்று அதை வடிவமைத்த யாரோ யோசித்திருக்கிறார்கள். கடைக்காரர் செய்து காட்டியதும் மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டேன். கேமரா 2 மெகாபிக்சல்தான், உடம்பு முழுக்க பிளாஸ்டிக் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தம்பி சொல்லித்தான் கவனித்தேன்.

அப்போது ஒரு தமிழ் நாளிதழில் நிருபராக இருந்தேன். வெளியூர் போனால் செய்தி அனுப்ப இரண்டு வழிதான். பிரவுசிங் சென்டரைத் தேடிப் போய், அங்கே தமிழ் எழுத்துரு இல்லை என்று தெரிந்து திரும்புவது ஒன்று. டெஸ்க்குக்கு ஃபோன் போட்டு வரி வரியாகச் சொல்லி எழுத வைப்பது மற்றொன்று. எதிர்முனையில் இருக்கும் அண்ணன், "தம்பி, அந்த ஊர்ப் பேரை இன்னொரு வாட்டி சொல்லு. சாதா ல-வா, குண்டு ள-வா?" என்பார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். "குண்டு ள அண்ணே" என்று நான் கத்துவதைப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஈ63 வந்ததும் இந்தக் கூச்சல் நின்றது. பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரல்களால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து மின்னஞ்சலில் தள்ளிவிடுவேன். ஊர் போய்ச் சேர்வதற்குள் டெஸ்க்கில் அதைத் தமிழாக்கிப் பக்கத்தில் ஏற்றியிருப்பார்கள். எண் பொத்தான் ஃபோனிலும் இதைச் செய்திருக்கலாம்தான். ஆனால் 'எஸ்' என்ற ஒரு எழுத்துக்கு 7ஐ நான்கு முறை தட்ட வேண்டிய கருவியில் யாரும் முக்கால் பக்கச் செய்தி எழுத மாட்டார்கள்.

முதலில் கண் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் திரைக்கு ஏறியது. பிறகு அதையும் விட்டுவிட்டது. பல்லாங்குழி ஆடும் பாட்டிகளின் கை குழி தேடிப் போவதுபோல விரல் தானாகப் போனது. பேட்டி கொடுப்பவரின் முகத்தைப் பார்த்தபடியே மடியில் வைத்துக் குறிப்பெடுக்க முடிந்தது. நோட்டைத் திறந்ததும் வார்த்தைகளை அளந்து பேசத் தொடங்கும் அதிகாரிகள், ஃபோன் தட்டுகிறவன் முன்னால் இயல்பாகவே பேசினார்கள்.

பார்க்காமல் அடிப்பது பழக்கத்தால் மட்டும் வந்ததல்ல. ஈ63க்குச் சில மாதம் மூத்த அண்ணன் ஈ71. எஃகு உடம்பு, 10 மில்லிமீட்டர் தடிமன், 127 கிராம். அதன் பொத்தான்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டுதான் இருக்கும். கட்டைவிரலோ ஒரு பொத்தானைவிட அகலம். அப்படியிருந்தும் ஏன் பக்கத்துப் பொத்தான் அழுந்துவதில்லை? ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு இருந்தது. விரல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் முதலில் படுவது அந்த மேட்டில்தான். பிளாக்பெர்ரி போல்டு 9000இல் வேறு உபாயம். இடப்பக்கப் பொத்தான்கள் இடது கட்டைவிரலுக்கு ஏற்பவும் வலப்பக்கத்தவை வலதுக்கு ஏற்பவும் சரித்துச் செதுக்கப்பட்டிருந்தன. வரிசைகளுக்கு நடுவே மெல்லிய உலோகக் கம்பிகள் ஓடின. கிதாரின் கழுத்தில் குறுக்கே இருக்கும் ஃப்ரெட்டின் பெயரையே அவற்றுக்கும் வைத்திருந்தார்கள். எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதை விரல் அந்தக் கம்பியில் இடறித் தெரிந்துகொள்ளும்.

ஈ71தான் அழகு, சந்தேகமில்லை. கூட்டங்களில் மேசைமேல் அதை வைப்பவர்கள் சற்று ஓசையுடனேயே வைப்பார்கள். ஆனால் ஈ63இன் உடம்பு 2 மில்லிமீட்டர் அகலம் கூடுதல், அந்த அகலம் முழுவதும் பொத்தான்களுக்குப் போயிருந்தது. விலை குறைந்ததில்தான் அடிப்பது சுலபம் என்பது என் கட்சி. ஈ71 வைத்திருந்த யாரும் இதை ஒப்புக்கொண்டதில்லை.

கட்டைவிரலை நம்பலாம் என்பதே ஒரு கண்டுபிடிப்பு. 1996இல் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் அதை நம்பவில்லை. நடுவில் விரியும் பெட்டி, 397 கிராம், உள்ளே அகலமான கீபோர்டு. ஒரு குட்டிக் கணினியாகத்தான் அதை நினைத்துச் செய்திருந்தார்கள். கையில் பிடித்துக் கட்டைவிரலால் அடிக்க முயன்றால் நடுப்பொத்தான்கள் எட்டாது. பத்து விரலையும் வைக்கவும் இடம் போதாது. அதன் பிற்கால வாரிசான 9500ஐ ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதியாளரிடம் பார்த்திருக்கிறேன். காரின் பானட்மேல் வைத்து ஒற்றை ஆள்காட்டி விரலால் குத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் பேச்சு மட்டும் சுகமாக இருக்கிறது என்றார்.

கட்டைவிரலை நம்பியவர்கள் கனடாவில் இருந்தார்கள். மைக் லசரிடிஸும் டக்ளஸ் ஃப்ரெகினும் 1984இல் வாட்டர்லூ நகரத்தில் தொடங்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம், 1999இல் பிளாக்பெர்ரி 850ஐக் கொண்டுவந்தது. அதில் பேச முடியாது. மின்னஞ்சல் மட்டும்தான், அதுவும் ஒற்றை ஏஏ பேட்டரியில். பக்கவாட்டில் உருட்ட ஒரு சக்கரம். பொத்தான்களை நேர்கோட்டில் அடுக்காமல் லேசாக வளைத்து அடுக்கியிருந்தார்கள். ஃபோனின் இரு பக்கமும் பிடித்தால் கட்டைவிரல் நுனி இயல்பாக ஒரு வில் வடிவத்தில்தானே நகரும்! அந்தச் சின்னப் பொத்தான்கள் பழ விதைகளை நினைவூட்டியதால்தான் பெர்ரி என்ற பேச்சு எழுந்து, அந்தப் பெயரும் வந்தது.

என் கைக்குப் பிளாக்பெர்ரி வந்தது 2010 வாக்கில், கர்வ் 8520. வேலை மாறிய இடத்தில் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய மாடல்களில் திரையில் நகர ஒரு சின்ன உருண்டை இருக்கும். விரல் பிசுக்கும் தூசியும் சேர்ந்தால் அது ஒரு பக்கம் உருளாமல் நின்றுவிடும் என்பது உலகறிந்த கதை. 8520இல் உருண்டைக்குப் பதில் விரல் அசைவை ஒளியால் உணரும் ஒரு சதுரத்தை வைத்திருந்தார்கள். உருண்டையைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சென்னை ரிச்சி தெரு பையன்களுக்கு ஒரு வருமானம் போனது.

பிளாக்பெர்ரியில் எழுதுவது ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கீபோர்டே ஒரு மெனுவாக இருந்தது. மடல் பட்டியலில் நின்று 'ஆர்' தட்டினால் பதில். 'எஃப்' தட்டினால் வேறொருவருக்கு அனுப்பலாம். 'சி' புது மடல், 'யு' படிக்காத அடுத்த மடல். ஸ்பேஸ் பாரை இருமுறை தட்டினால் முற்றுப்புள்ளி விழுந்து அடுத்த எழுத்து பெரியதாகும். மின்னஞ்சல் முகவரிக் கட்டத்தில் அதே ஸ்பேஸ், இடம் பார்த்து 'அட்' குறியாகவும் புள்ளியாகவும் மாறும். முகவரியில் இடைவெளி வராது என்பதால் அந்தப் பொத்தானுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். இப்படி ஒரு சிக்கனத்தை நான் வேறு கருவியில் பார்த்ததில்லை.

எனக்குப் பெரிய கொடையாக அமைந்தது இன்னொன்று. ஒரு எழுத்தைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திப் பிடித்தால் அது பெரிய எழுத்தாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இது வாக்கியத் தொடக்கத்திலும் பெயர்களிலும்தான் வேண்டும். ரோமன் எழுத்தில் தமிழ் அடிப்பவனுக்கோ வார்த்தைக்கு வார்த்தை வேண்டும், ஏனென்றால் ள, ண, ற மூன்றுக்கும் பெரிய எழுத்துதான். நோக்கியாவில் அழுத்திப் பிடித்தால் எண்ணோ குறியோ வரும், பெரிய எழுத்துக்கு ஷிஃப்ட்டைத் தனியாகத் தட்ட வேண்டும். 'கண்ணாடி', 'பள்ளி', 'காற்று' என்று எழுதும்போதெல்லாம் அந்த ஒரு தட்டு உறைக்கும். வாட்டர்லூவில் யாரும் எங்கள் குண்டு ள-வை நினைத்து இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்த ஃபோன்களில் எழுதுவது எவ்வளவு சுகமோ, எண் போட்டுப் பேசுவது அவ்வளவு சிரமம். எழுத்துகளுக்குத்தான் பொத்தான், எண்கள் அவற்றின்மேல் ஒண்டிக் குடித்தனம். நோக்கியாவில் ஆர், டி, ஒய் மூன்றும் 1, 2, 3. அதற்குக் கீழே எஃப், ஜி, ஹெச். அதற்கும் கீழே வி, பி, என். எம் சுழியம். பிளாக்பெர்ரியில் எண்கள் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும். ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் தடுமாறும். அம்மா ஒருநாள் மாமாவுக்குப் பேச என் ஃபோனை வாங்கியவர், "ஏன்டா, இதுல ஒண்ணு எங்க இருக்கு?" என்றார். காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்னு எழுதி ஒட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு லேண்ட்லைனுக்குப் போனார். அம்மா தமிழில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர். அந்த ஃபோன் யாரை எழுதத் தெரிந்தவராகக் கணக்கில் வைத்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெயிலில் பொத்தானின் பெருமை தெரியும். 2011 மே 13, சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. கத்திரி வெயில். எண்ணும் மையத்துக்கு வெளியே ஒரு மரத்து நிழலில் நிருபர் கூட்டம். சுற்றுக்குச் சுற்று முன்னணி நிலவரத்தை அனுப்ப வேண்டும். அந்த வெளிச்சத்தில் யாருடைய திரையிலும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. புதிதாகத் தொடுதிரை ஃபோன் வாங்கியிருந்த நண்பர் வியர்வைக் கையால் ஓர் எழுத்தைத் தொட்டால் வேறொன்று விழும். சட்டையில் விரலைத் துடைப்பார், திரையைத் துடைப்பார், மறுபடி தொடுவார். பொத்தானுக்கு வியர்வை ஒரு பொருட்டே இல்லை. அழுந்தியதா இல்லையா என்பதைக் கண்ணிடம் கேட்காமல் விரலே சொல்லிவிடும். சென்னைக்கு ஏற்ற ஃபோன் எது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் மேடை போட்டே பேசியிருப்பேன்.

ஆனால் இவ்வளவும் எழுதும் பக்கத்துக் கதை. அதே ஃபோனில் தமிழ் படிக்கப் போனால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கும். யூனிகோடு தமிழைக் காட்டும் எழுத்துரு அதில் கிடையாது. இதற்கு ஒரு குறுக்கு வழி நிருபர்களிடமும் வலைப்பதிவர்களிடமும் வாய்வழியாகப் பரவியது. நார்வே நிறுவனமான ஓபராவின் 'ஓபரா மினி' உலாவியை இறக்க வேண்டும். முகவரிக் கட்டத்தில் தள முகவரிக்குப் பதிலாக 'ஓபரா கான்ஃபிக்' என்று நடுவில் முக்காற்புள்ளி போட்டு அடிக்க வேண்டும். வரும் அமைப்புப் பட்டியலின் கடைசியில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்தவா என்று ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது. அதன் பிறகு ஓபராவின் சர்வர் தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னப் படங்களாக்கி அனுப்பும். ஃபோனுக்குத் தமிழ் தெரியாது, படம் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

முதல் தடவை தமிழ்மணம் வலைப்பதிவுத் திரட்டியை அப்படித் திறந்தபோது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினேன். அவர் "தமிழ்ல வருதே!" என்றார். இன்றைய பிள்ளைகளுக்கு இதிலென்ன என்று தோன்றலாம். எங்களுக்கு அது பெரிய விஷயம். அந்த எழுத்தை நகலெடுக்க முடியாது, டேட்டாவும் கூடுதலாகத் தின்னும். ஆனாலும் இரவுப் பயணங்களில் எத்தனையோ கட்டுரைகளையும் சண்டைகளையும் அந்தப் படத்தமிழில்தான் படித்தேன்.

எழுதுவதற்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் வெளியாகி, எண் பொத்தான் ஃபோன்களில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பக் கற்றுக்கொடுத்தது. எதிராளியின் ஃபோனும் தமிழைக் காட்ட வேண்டும் என்ற சிக்கல் இருந்தது. கூடவே ஒரு கணக்கும் இடித்தது. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும், யூனிகோடில் 70தான். தமிழில் ஒரு கொம்பும் ஒரு புள்ளியும்கூடத் தனித்தனி இடம் பிடிப்பவை. நலம் விசாரித்து முடிப்பதற்குள் இரண்டு மெசேஜ் காசு போய்விடும்.

ஒருநாள் டெஸ்க்கில் வேலை இல்லாத பிற்பகலில் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பிறந்த தமிழ் 99 விசைப்பலகையை இந்த ஃபோன்மேல் அப்படியே பொருத்த முடியுமா? உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31 விசை. ஃபோனில் எழுத்துப் பொத்தான் 26. கணினிக் கீபோர்டில் 'பி'க்கு வலப்பக்கம் இருக்கும் அடைப்புக்குறிகள், 'எல்'லுக்கு வலப்பக்கம் இருக்கும் அரைப்புள்ளி, மேற்கோள்குறி, கீழே சாய்கோடு, இந்த ஐந்தும் ஃபோனில் தனிப் பொத்தானாக இல்லை. தமிழ் 99இல் அந்த ஐந்து இடங்களில் இருப்பவை ச, ஞ, ந, ய, ழ. காகிதத்தை டெஸ்க் அண்ணனிடம் காட்டினேன். "அப்போ உன் ஃபோன்ல நான், நீ, யாரு ஒண்ணும் வராது. சோறும் கிடையாது. விடு" என்றார்.

2007 ஜனவரி 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐஃபோனைக் காட்டும் முன் நான்கு ஃபோன்களின் படத்தைப் போட்டார்: மோட்டோரோலா க்யூ, பிளாக்பெர்ரி, பாம் ட்ரியோ, நோக்கியா ஈ62. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தான்கள் அங்கேயே நிற்கின்றன, எந்தச் செயலிக்கும் ஏற்ப மாறுவதில்லை என்பது அவர் வாதம். அந்தக் காணொளியைப் பின்னாளில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மாறாமல் நின்றதால்தானே என் விரல் அதை மனப்பாடம் செய்தது! ஆனால் என் காகிதக் கணக்கை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. மாறாத 26 பொத்தான்களில் ச, ஞ, ந, ய, ழ ஒருநாளும் ஏறியிருக்காது. தமிழில் அச்சடித்த குவெர்ட்டி ஃபோன் ஒன்றைச் செய்ய எந்த நிறுவனமும் தனி வார்ப்பு அச்சு போடப் போவதில்லை. கண்ணாடியில் வரைந்த கீபோர்டுக்கோ 26 ஆனாலும் 31 ஆனாலும் ஒன்றுதான். 2013இல் ஐஓஎஸ் 7இல் தமிழ் 99 உள்ளேயே வந்தது. ஆண்ட்ராய்டுக்குச் செல்லினமும் பிறவும் வந்தன.

இழப்பு இல்லை என்று சொல்லவில்லை. பார்க்காமல் எழுதும் வித்தை போயிற்று. இப்போது பேட்டி எடுக்கும்போது எழுத வேண்டுமானால் எதிரில் இருப்பவரின் முகத்தை விட்டுத் திரையைப் பார்க்க வேண்டும். ஆகவே ஒலிப்பதிவு செய்துவிட்டு இரவில் உட்கார்ந்து கேட்கிறேன். தானியங்கித் திருத்தம் என்ற பெயரில் ஃபோன் என் வாக்கியத்துக்குள் நுழைந்து சொல்லை மாற்றுகிறது. பிளாக்பெர்ரி நிறுவனம் பொத்தானை எளிதில் விட்டுவிடவில்லை. 2014இல் சதுரத் திரையுடன் வந்த பாஸ்போர்ட்டில் அந்தப் பொத்தான்களின் மேற்பரப்பையே தொட்டு உருட்டும்படி செய்தார்கள், மெச்சத்தக்க முயற்சி. வாங்க ஆள் இல்லை. 2022 ஜனவரி 4 அன்று பழைய பிளாக்பெர்ரி மென்பொருளுக்கான சேவைகள் நிறுத்தப்பட்டன.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். கண்ணாடி வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம்மில் பெரும்பாலோர் அதில் ஆங்கில எழுத்துகளைத்தான் வரவழைத்து, அம்மாவை நான்கு ரோமன் எழுத்துகளில் அடித்து, ஃபோன் தமிழாக மாற்றித் தரும் என்று காத்திருக்கிறோம். மாற்றும்போது 'ல'வா 'ள'வா என்று அது குழம்பினால் பட்டியலில் இருந்து பொறுக்குகிறோம். அன்று அப்படி எழுதியதற்குப் பிளாஸ்டிக் பொத்தான் காரணம். இன்று அந்தக் காரணம் இல்லை. தமிழ் 99இல் அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ம இரண்டாவது முறை விழும்போது முதல் ம-வுக்குப் புள்ளி தானே ஏறிக்கொள்ளும். உயிரெல்லாம் ஒரு கைக்கு, மெய்யில் பெரும்பகுதி மறு கைக்கு என்று பிரித்து வைத்திருப்பதால் இரண்டு கட்டைவிரலும் மாறி மாறித்தான் வேலை செய்யும். முதல் சில நாட்கள் எரிச்சலாக இருக்கும்; மெசேஜ் வந்து குவிந்துகொண்டே போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபோனின் அமைப்புகளில் கீபோர்டு என்ற இடத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் செல்லினத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.